மூன்றாம் ஓலை

எங்கள் ஊர் லூடெனோவின் கோயிலில் நூற்றறுபது பேர் உட்காரலாம். அல்வீனா டானெலுக்கு மட்டும் முப்பத்தொன்பது வருஷம் அங்கே உட்கார இடமில்லை. அவளை யாரும் எழுப்பி விரட்டவில்லை. ஊர் வழக்கம் அப்படி, அந்த வழக்கத்தை எல்லோரையும்விடக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தவளும் அவள்தான். அதனால் யாரையும் குறை சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

கோயில் எங்களைவிடப் பிடிவாதமானது. பிராண்டன்பர்க் மணலில் ஏர் ஓட்டும்போது தட்டுப்பட்ட கல்லையெல்லாம் பொறுக்கி, பிளந்து, அறுநூறு வருஷத்துக்கு முன்னால் கட்டியது. சுவர் ஒரு கட்டில் அகலம். கோபுரம் உயரமில்லை. கோயில் எத்தனை அகலமோ அத்தனை அகலத்துக்கு அதன்மேல் குந்தியிருக்கும். லூத்தர் காலத்தில் ஊர் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் மதம் மாறிவிட்டதாம். சாமான்களை யாரும் மாற்றவில்லை. பீடத்துக்குப் பின்னால் மரத்தில் செதுக்கிய பன்னிரண்டு புனிதர்களும் கும்பிட ஆளில்லாமல் அங்கேயே நின்றார்கள். குழந்தை இயேசுவைத் தோளில் சுமந்து ஆற்றைக் கடக்கும் கிறிஸ்தோப்பரின் சுவர்ப்படத்தைத்தான் சுண்ணாம்படித்து மறைத்தார்கள். மழை அதிகமான வருஷங்களில் ஈரம் ஊறி அவருடைய ஒரு கால் மட்டும் சுவரில் தெரியும். முன்பு அப்பம் வைத்திருந்த மாடத்தில் இப்போது தீப்பெட்டியும் மெழுகுவர்த்தித் துண்டுகளும் கிடக்கும்.

யார் எங்கே உட்காருவது என்பதில்தான் எங்கள் ஊரின் முழு பக்தியும் இருந்தது. ஆண்கள் வலது பக்கம், வாலிபர்கள் மர மாடியில். பிரபு குடும்பத்துக்குக் கண்ணாடி ஜன்னல் வைத்த தனி அறை, உள்ளே கணப்பு. பிரசங்கம் நீண்டால் அங்கிருந்து குறட்டை வரும். பெண்கள் பக்கத்தில் முதல் இரண்டு வரிசை கல்யாணமாகாதவர்களுக்கு. அதற்குப் பின்னால் மனைவிமார்கள். ஒவ்வொரு பண்ணை வீட்டுக்கும் ஓர் இருக்கை, அதன் சின்னக் கதவில் வீட்டுப் பெயர் செதுக்கியிருக்கும். ஒரு பெண்ணுக்கு முதல் ஓலை, அதாவது கல்யாண அறிவிப்பு, கோயிலில் வாசித்த அன்றைக்கே அவள் தன் இடத்தை அடுத்தவளுக்கு விட்டுக்கொடுத்துவிட்டு, ஞானஸ்நானத் தொட்டிக்குப் பக்கத்தில் மணப்பெண் முக்காலியில் போய் உட்காருவாள். மூன்று ஞாயிறு, மூன்று ஓலை. பிறகு கல்யாணம், புருஷன் வீட்டு இருக்கை. விட்ட இடத்துக்குத் திரும்பிப் போகிற வழக்கம் கிடையாது.

இன்னொன்றும் உண்டு. கல்யாணமாகாமல் இறந்தவர்களுக்கு, ஆணானாலும் பெண்ணானாலும், சவப்பெட்டியின்மேல் ஒரு கிரீடம் வைப்போம். கம்பி வளையம், காகிதப் பூ, கண்ணாடி மணி, பட்டு நாடா. பூமியில் நடக்காமல் போன கல்யாணத்துக்குப் பதிலாக அது. அடக்கம் முடிந்ததும் பெயர் எழுதிய பலகையோடு வடக்குச் சுவரில் ஏறிவிடும். நிச்சயமான மாப்பிள்ளை இறந்தால் கிரீடம் கட்ட வேண்டியவள் அவனுக்கு நிச்சயமான பெண். பெற்ற தாய் கட்டினாலும் செல்லாது.

ஆயிரத்து எண்ணூற்று எழுபது ஜூலையில் அல்வீனாவுக்கு வயது இருபது. ரைன்ஹோல்ட் சாபெலுக்கு இருபத்துநான்கு. இரண்டு ஓலை வாசித்தாயிற்று. மூன்றாவது பதினேழாம் தேதி ஞாயிறு. சனிக்கிழமை மத்தியானம் தந்தி வந்தது. ராஜா பிரான்சோடு சண்டைக்குப் போகிறார், பட்டாளத்தில் இருந்தவர்கள் எல்லாம் ஞாயிறு விடிவதற்குள் ஜில்லா ஊருக்கு வந்து சேர வேண்டும். போதகர் மேவெஸ் வீட்டில் போடுகிற செருப்போடேயே டானெல் வீட்டு முற்றத்துக்கு ஓடி வந்தார். ரைன்ஹோல்டும் பின்னாலேயே வந்து வேலியில் சாய்ந்துகொண்டான்.

"புள்ள, நேரமில்ல. இன்னைக்கு சாயங்காலமே உங்க ரெண்டு பேரையும் கட்டி வச்சிடறேன்" என்றார் போதகர். "மூணாவது ஓலை வேண்டாம். யுத்த காலத்துல அப்படிச் செய்யலாம்னு மேலிடத்து உத்தரவே இருக்கு."

"சரின்னு சொல்லேன்" என்று ரைன்ஹோல்ட் சிரித்தான். "என்னமோ உன் சொத்த எழுதிக் கேட்ட மாதிரி முழிக்கிற?"

அவள் வாய் திறப்பதற்குள் கிணற்றடியிலிருந்து ஓட்டிலியின் குரல் வந்தது. ஓட்டிலி அல்வீனாவின் தோழி. கோயிலில் அல்வீனா விட்ட இடத்தில் இப்போது உட்காருகிறவளும் அவள்தான். "அடியம்மா, சனிக்கிழம சாயங்காலக் கல்யாணமா! மணி இல்ல, தலையில கிரீடம் இல்ல. இனிமே ஊரே வெரல் விட்டு மாசத்த எண்ணும்டி, எப்போ தொட்டில் ஆடுதுன்னு!"

வாளியைத் தூக்கிக்கொண்டே விளையாட்டாகச் சொன்னதுதான். ஆனால் எங்கள் ஊரில் அவசரக் கல்யாணத்துக்கு ஒரே அர்த்தம். மூன்று ஓலை முழுசாக வாசித்த பெண்தான் தலையில் பச்சைக் கிரீடத்தோடு வாசலைத் தாண்டலாம். அந்தக் கிரீடத்துக்காக அல்வீனா நான்கு வருஷமாக ஜன்னலில் ஒரு தொட்டியில் மிர்ட்டில் செடி வளர்த்து வந்தாள். தினமும் தண்ணீர் ஊற்றி, குளிர்காலத்தில் கட்டிலருகே தூக்கி வைத்து வளர்த்த செடி. அவள் முகம் சிவந்துபோனது.

"மூணு ஓலையும் வாசிக்கட்டும், போதகரய்யா" என்றாள். "நான் ஒண்ணும் வயித்துல வாங்கிட்டு ஓடுறவ இல்ல. அறுவடை முடிஞ்சு இவர் வரட்டும். ரெண்டு மணியும் அடிக்க, கிரீடத்தோடதான் வருவேன்."

போதகர் ரைன்ஹோல்டைப் பார்த்தார். அவன் சிரிப்பு கொஞ்சம் சுருங்கியிருந்தது. "சரி, போகட்டும். ஒரே ஒரு ஞாயித்துக்கிழமதான பாக்கி? வந்து வாங்கிக்கறேன்" என்றான். போதகருக்கு அதற்குமேல் வற்புறுத்தத் தெரியவில்லை. அவன் அன்றிரவே வண்டியேறிவிட்டான். மாப்பிள்ளை ஊரில் இல்லையென்று மறுநாள் ஓலையும் வாசிக்கவில்லை.

ஆகஸ்ட் நடுவில் மெட்ஸ் நகரத்துக்கு மேற்கே பெரிய சண்டை. செப்டம்பரில் கடிதம் வந்தது. 'காணவில்லை' என்று மட்டும் எழுதியிருந்தது. கூடப் போனவர்களில் ஒருவன் அவன் கோதுமை வயலில் விழுந்ததைப் பார்த்தேன் என்றான். இன்னொருவன் காயம்பட்டவர்கள் வண்டியில் பார்த்தேன் என்றான். உடல் வரவில்லை, அவன் பையும் வரவில்லை.

அக்டோபரில் ஓட்டிலிக்கு ஓலை வாசித்தார்கள், அவளுக்கு முக்காலி வேண்டியிருந்தது. அல்வீனா எழுந்து கொடுத்தாள். கன்னிப் பெண்கள் வரிசையில் பழைய இடத்தில் உட்காரச் சொன்னார் போதகர். விட்ட இடத்தில் எப்படி உட்காருவது? சாபெல் வீட்டு இருக்கையில் உட்காரலாம் என்றால் கல்யாணம் நடக்கவில்லை. அவள் நேரே பின்னால் போய், கோபுரத்தடியில், மணிக்கயிறுகள் தொங்குகிற கல்தரையில் நின்றுகொண்டாள். ஒரு வாரம்தான் என்று அவளும் நினைத்தாள், ஊரும் நினைத்தது.

ரைன்ஹோல்டின் தாய் கரோலீனா சாபெல் விதவை, அவன் ஒரே மகன். இரண்டு வருஷம் பொறுத்துப் பார்த்துவிட்டு, தச்சனிடம் பலகை செய்யச் சொல்லி, மகன் பெயரை எழுதி, வடக்குச் சுவரில் அடித்துவிட்டாள். பிறகு ஒரு சுருள் கம்பியைக் கையில் எடுத்துக்கொண்டு அல்வீனாவிடம் வந்தாள்.

"கம்பி கொண்டாந்திருக்கேன். கட்டு."

"காணோம்னுதான் அத்தை எழுதியிருக்காங்க. செத்துட்டாருன்னு எழுதல."

"ரெண்டு வருஷமா காணாமப் போக அவன் என்ன ஆட்டுக்குட்டியா?"

"நான் கட்டிட்டா அவர் செத்ததா ஆயிடும், அத்தை."

கரோலீனா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "மாப்பிள்ளையா உன் கிரீடத்துக்குப் பக்கத்துல அவன நிக்க விடல. பொணமாவும் அவனுக்கு ஒரு கிரீடம் இல்லங்குற. நீ பொம்பளையாடி, இல்ல பூட்டா?"

கம்பியை மேசையில் போட்டுவிட்டுப் போனாள். அல்வீனா அதை அலமாரியில் வைத்தாள், கட்டவில்லை. பன்னிரண்டு வருஷம் ஒவ்வொரு ஞாயிறும் கரோலீனா தன் இருக்கையிலிருந்து அந்த வெறும் பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சாகும்போது, திருவிருந்து கொடுக்க வந்த போதகரிடம், அவள் முதலில் கேட்டதே கிரீடம் கட்டியாயிற்றா என்றுதான். அவளுக்குச் சாவு மணி அடித்தவள் அல்வீனா. எங்கள் ஊரில் இறந்தவரின் வயது எத்தனையோ அத்தனை அடி. அறுபத்தெட்டு அடிக்குள் கயிறு அல்வீனாவின் உள்ளங்கையை அறுத்துவிட்டது. அது போதாது என்றுதான் அவளுக்குத் தோன்றியது.

மணி அடிக்கும் வேலை அவளிடம் அப்படியே வந்து சேர்ந்ததுதான். பழைய மணிக்காரருக்கு இடுப்பு விட்டுப்போனபோது பக்கத்தில் நின்றவள் அவள். முதலில் ஒரு கயிறு, பிறகு இரண்டு, பிறகு சாவி, துடைப்பம், பீடத்து விரிப்பு, எல்லாம் ஒவ்வொன்றாக அவள் கைக்கு வந்தன. கூரையில் கயிற்றில் தொங்கும் மரத் தேவதூதனையும் அவள்தான் இறக்கி ஏற்றுவாள். ஞானஸ்நானத்தின்போது அது கையில் தண்ணீர்க் கிண்ணத்தோடு மெல்ல இறங்கி வரும், பிள்ளைகள் வீறிட்டு அழும். ஓட்டிலியின் ஏழு பிள்ளைகளுக்கும் அதை இறக்கினாள். ஏழாவது பிள்ளையின் விருந்தில், ஏதோ பேச்சு வாக்கில், கிணற்றடியில் ஓட்டிலி சொன்னதை ஞாபகப்படுத்தினாள்.

"நானா? அப்படியா சொன்னேன்?" என்றாள் ஓட்டிலி, கேக்கை வெட்டிக்கொண்டே. "எனக்கு ஞாபகமே இல்லியேடி."

அவள் பொய் சொல்லவில்லை. அது அல்வீனாவுக்கு இன்னும் வலித்தது. ஒரு வாளித் தண்ணீரோடு கொட்டிப்போன பேச்சுக்காக அவனை அனுப்பிவிட்டோமே என்று அன்றைக்கு வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். மிர்ட்டில் செடி அதற்குள் அவள் உயரத்துக்கு வளர்ந்திருந்தது. எத்தனை கல்யாணத்துக்கு அதிலிருந்து கொழுந்து கேட்டு வந்தார்கள்! கேட்டவர்களுக்கெல்லாம் கொடுத்தாள்.

அவளுடைய ஐம்பத்தொன்பதாம் வயதில் போதகர் டீட்கே வந்தார். முப்பது வயது, சுத்தத்தில் பித்து. கோயிலைப் பழுது பார்க்கப் பெரிய ஊரிலிருந்து கட்டடக்காரர்களை அழைத்தார். சுண்ணாம்பைச் சுரண்டி கிறிஸ்தோப்பரை வெளியே கொண்டுவருவார்களாம். ஓதம் வாங்கிய தரையைப் பெயர்ப்பார்களாம். வடக்குச் சுவர் கிரீடங்கள் போய்விட வேண்டுமாம். "தூசி, அந்துப்பூச்சி, அஞ்ஞானம்" என்று மூன்றே சொல்லில் முடித்தார். வேண்டியவர்கள் எடுத்துப் போகலாம், மிச்சத்தை எரித்துவிடுவார்கள். எடுத்துப் போக யாரும் வரவில்லை. செத்துப்போன அத்தையின் கிரீடத்தை வீட்டில் எங்கே மாட்டுவது?

வெள்ளிக்கிழமை அல்வீனா ஏணி போட்டு ஒவ்வொன்றாக இறக்கினாள். நாற்பத்தொரு கிரீடம். ஒன்றில் எலி குட்டி போட்டிருந்தது. சில கிரீடங்கள் கைப்பிடி அளவுதான், கைக்குழந்தைகளுடையவை. கடைசியில் வெறும் பலகை மட்டும் நின்றது.

"அது என்ன, கிரீடமே இல்லாம?" என்று டீட்கே கீழேயிருந்து படித்தார். "ரைன்ஹோல்ட் சாபெல். யாரம்மா இது?"

"எனக்கும் அவருக்கும் ரெண்டு ஓலை வாசிச்சிருக்கு."

கதையைச் சொன்னாள். நீளமாகச் சொல்லவில்லை. டீட்கே கைக்குட்டையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். "வருத்தந்தான். ஆனா இப்போ இது வெறும் பலகை. எறக்கிடுங்க."

"எறக்கறேன், போதகரய்யா. மூணாவது ஓலைய வாசிச்சிடுங்க, நானே எறக்கறேன்."

"என்னது?"

"பாக்கி இருக்கு. புத்தகத்துலயே இருக்கும், பாருங்க."

"செத்தவருக்கு ஓலை வாசிக்கச் சொல்றீங்களா? கல்யாணம் பண்ணி வைக்கச் சொல்றீங்களா?" அவர் குரல் உயர்ந்தது. "இது தேவனுடைய வீடும்மா. விளையாட்டுக்கு எடம் இல்ல."

"செத்தாருன்னு இதுவரைக்கும் இந்தக் கோயில்ல யாரும் சொல்லலியே" என்றாள். ஏணியிலிருந்து இறங்கி, ஏணியையும் பலகையையும் அங்கேயே விட்டுவிட்டு வீட்டுக்குப் போனாள். வழியெல்லாம் அவளுக்கு வெட்கமாக இருந்தது. கிழடு தட்டியபிறகு போய்க் கேட்டோமே என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

சனிக்கிழமை டீட்கே பழைய புத்தகங்களை ஈரம் படாத இடத்துக்கு மாற்றினார். எழுபதாம் வருஷத்து ஓலைப் புத்தகம் கையில் அகப்பட்டது. ரைன்ஹோல்டின் பெயருக்கு எதிரே இரண்டு கோடு, மூன்றாம் கட்டம் காலி. கீழே மேவெஸின் நடுங்கிய எழுத்து: 'மணமகள் அவசரப்பட விரும்பவில்லை. நான் வற்புறுத்தியிருக்க வேண்டும்.' இதைப் பின்னாளில் டீட்கேயே அல்வீனாவிடம் சொன்னார்.

மறுநாள், கோயில் பழுதுக்காகப் பூட்டப்படுவதற்கு முன் கடைசி ஆராதனை. மழை. கிறிஸ்தோப்பரின் கால் முழங்கால் வரைக்கும் தெரிந்தது. அல்வீனா வழக்கம்போல் கயிற்றடியில் நின்றாள். பிரசங்கத்துக்குப் பிறகு ஓட்டிலியின் பேத்திக்கு இரண்டாம் ஓலை வாசித்தார்கள், அந்தப் பெண் முக்காலியில் தலை குனிந்து சிரித்தாள். புத்தகத்தை மூடப் போன டீட்கே மூடவில்லை. அடியிலிருந்து இன்னொன்றை எடுத்துப் பிரித்தார்.

"ரைன்ஹோல்ட் சாபெல், வாலிபர், லூடெனோ சாபெல் பண்ணை. அல்வீனா டானெல், கன்னிப்பெண், இதே சபை. இவர்களுக்கு மூன்றாம் முறையாகவும் கடைசி முறையாகவும் ஓலை வாசிக்கப்படுகிறது."

மாடியில் வாலிபர்கள் பக்கம் ஒரு சிரிப்புச் சத்தம் எழுந்து அடங்கியது. "ஆண்டவரே, கிழவிக்குப் புத்தி பிசகிடுச்சு" என்று யாரோ முணுமுணுத்தார்கள். பிரபுவின் அறைக் கண்ணாடி ஜன்னல் திறந்தது. டீட்கேவின் கழுத்து சிவந்திருந்தது, ஆனாலும் நிறுத்தாமல் படித்தார்.

"இவர்கள் இணையக் கூடாதபடிக்குத் தடை ஏதேனும் அறிந்தவர் இருந்தால், இப்பொழுதே சொல்ல வேண்டும்."

இந்தக் கேள்விக்கு எங்கள் ஊரில் யாரும் பதில் சொன்னதே கிடையாது. வழக்கமாக ஒரு இருமல், பிறகு பாட்டு. அல்வீனா கயிற்றை விட்டாள்.

"எனக்குத் தெரியும்" என்றாள்.

எல்லோரும் திரும்பினார்கள்.

"என்ன தடை, அல்வீனா டானெல்?"

"அவர் செத்துட்டாரு." ஓரடி முன்னால் வந்தாள். "மொத வருஷமே தெரியும். ஒத்துக்கல. ஒரு ஞாயித்துக்கிழமைக்காக நான்தான் அவர அனுப்பி வச்சேன். ஊரு என்ன சொல்லுமோன்னு."

ஓட்டிலி சால்வையின் முனையை வாயில் வைத்து அடைத்துக்கொண்டாள். அவளுக்கு அப்போது ஞாபகம் வந்ததோ என்னவோ, யாருக்கும் தெரியாது.

டீட்கே பேனாவை எடுத்து மூன்றாம் கட்டத்தில் ஏதோ எழுதினார். அல்வீனா நடுவழியே முன்னால் நடந்தாள். சாபெல் இருக்கையைத் தாண்டி வடக்குச் சுவருக்குப் போனாள். அங்கேயே நின்ற ஏணியில் ஏறி, ஏப்ரன் பையிலிருந்து ஒரு வளையத்தை எடுத்தாள். கரோலீனா மேசையில் போட்டுவிட்டுப் போன கம்பி, முழுக்கத் துருவேறி, ஒரு பூகூட இல்லாமல் வளைத்தது. அதைப் பலகையின் ஆணியில் மாட்டினாள்.

பிறகு இறங்கி, பெண்கள் பக்கம் இரண்டாம் வரிசைக்கு வந்தாள். சுவரிலிருந்து மூன்றாவது இடத்தில் பதினைந்து வயசுப் பெண் ஒருத்தி உட்கார்ந்திருந்தாள்.

"நகரு தாயி. இது என் எடம்."

அந்தப் பெண் நகர்ந்தாள். அல்வீனா உட்கார்ந்தாள். இருக்கைப் பலகை அவள் நினைத்திருந்ததைவிடத் தாழ்வாக இருந்தது, முழங்கால் முன் தடுப்பில் இடித்தது. பாட்டுப் பாடினார்கள், ஜெபம் முடிந்தது, போதகர் ஆசீர்வாதம் கொடுத்தார். யாரும் எழுந்திருக்கவில்லை. லூடெனோவில் மணி கேட்டபிறகுதான் எழுந்திருப்போம், மணியடிக்கிறவள் கன்னிப் பெண்கள் வரிசையில் உட்கார்ந்திருந்தாள். டீட்கே கோபுரத்துப் பக்கம் பார்த்தார்.

கொஞ்ச நேரம் கழித்து அவளுக்கே உறைத்தது. எழுந்தாள், பெண்கள் கால்களை ஒடுக்கி வழி விட்டார்கள். கோபுரத்தடிக்குப் போய்ப் பெரிய மணியின் கயிற்றை இழுத்தாள். ஆராதனை முடிந்ததற்கு இரண்டு மணியும் சேர்ந்து வேகமாக அடிக்க வேண்டும். இது பெரிய மணி மட்டும், ஒவ்வோர் அடிக்கும் நடுவில் ஒரு மூச்சு விட்டு. எல்லோருக்கும் புரிந்தது, எல்லோரும் எண்ணத் தொடங்கினார்கள். ஓட்டிலி விரல்விட்டு எண்ணினாள்.

இருபத்துநான்கில் மணி நின்றது.